வெட்டாமல் தோலுக்குள் பார்க்கலாமா?

உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி, முழங்கையில் ஆறாத புண், முதுகில் நிறம் மங்கிய தேமல். தீவுப்பகுதியிலும், 1990களில் அங்கிருந்து இடம்பெயர்ந்து வேறிடங்களில் வாழும் எமது கமக்காரக் குடும்பங்களிலும் இவற்றைப் பெரிதாக எடுப்பவர்கள் குறைவு. "வைத்தியர் வெட்டிப்போடுவார்" என்ற பயம் ஒருபுறம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்வர ஒருநாள் கூலி போய்விடும் என்ற கணக்கு இன்னொருபுறம். "ஊர் என்ன சொல்லுமோ" என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. இவற்றுள் வெட்டுப் பயத்தை இன்றைய மருத்துவம் பெருமளவு குறைத்திருக்கிறது. தோலை வெட்டாமலே உள்ளே பார்க்கும் கருவிகள் வந்துள்ளன. அவை எதற்கு உதவும், எதற்கு உதவமாட்டா என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

கையடக்கக் கருவி

இவற்றில் எளியது டெர்மொஸ்கோப் என்னும் கருவி. உள்ளங்கையில் அடங்கும். தோலை ஏறத்தாழ 10 மடங்கு பெருப்பித்துக் காட்டும் கண்ணாடியும் ஒரு விளக்கும் அதில் உண்டு. வெறும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நடுப்பகலில் கடல் மினுமினுக்கும்போது அடியில் கிடக்கும் கல் எமக்குத் தெரிவதில்லை. வள்ளத்தின் நிழல் விழும் பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். தோலின் மேற்பரப்பும் அவ்வாறே ஒளியைத் தெறிக்கச் செய்து உள்ளிருப்பதை மறைக்கிறது. இக்கருவி அந்தத் தெறிப்பை நீக்கிவிடுவதால், மேற்றோலுக்குக் கீழேயுள்ள நிறமும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் தெரிகின்றன. வலி இல்லை, சில நிமிட வேலை.

இதைவிட நுட்பமான கருவிகளும் உண்டு. லேசர் ஒளியால் தோலின் கலங்களையே காட்டும் நுணுக்குக்காட்டி ஒன்றை 1995ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மிலிந்த் ராஜாத்யக்ஷ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அது பார்க்கக்கூடிய ஆழம் கால் மில்லிமீற்றர் அளவுதான். கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கும் ஸ்கானைப் போன்று, தோலுக்கெனச் செய்யப்பட்ட ஒலியலைக் கருவி இன்னும் ஆழத்தைக் காட்டும். இவை விலை மிக்கவை. பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் பெரிய மருத்துவ நிலையங்களிலேயே பயன்படுகின்றன.

வரம்பும் வாய்க்காலும்

மெலனோமா என்னும் தோற் புற்றுநோய் எம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே அதிகம் வருகிறது. ஜமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரலில் இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் 1981இல், 36 வயதில் இறந்தார். வெறுங்காலுடன் தோட்டத்தில் நிற்பவர் இத்தகைய புள்ளியை முள் குத்திய அடையாளம் என்று விட்டுவிடலாம்.

இங்கேதான் டெர்மொஸ்கோப் பெரிதும் உதவுகிறது. உள்ளங்கால் தோலை நாம் கிண்டிய தோட்டமாக எண்ணிக்கொள்வோம்: அதிலும் வரம்புண்டு, வாய்க்காலுண்டு. தீங்கற்ற மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வாய்க்கால்களில் ஓடும். புற்றுநோயின் நிறம் வரம்புகளின் மேல் படியும். இதை யப்பான் நாட்டு வைத்தியர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினர். கண்டிய இரத்தமும் சிலவேளை வரம்பில் தோன்றுமாதலால், ஐயம் நீங்காவிட்டால் வைத்தியர் சிறுதுண்டு இழையத்தை எடுத்துச் சோதிக்கவே வேண்டும். யாருக்கு வெட்டு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்தறியவே கருவி உதவுகிறது.

கருவி மட்டும் போதாத நோய்கள்

தொழுநோயை முதலில் காட்டிக்கொடுப்பது படமன்று, தொடுகை. நிறம் மங்கிய படையில் பஞ்சினால் தொடுவதை நோயாளர் உணராவிட்டால் அதுவே முக்கிய அறிகுறி. 1983 முதல் இலங்கையில் வழங்கப்படும் கூட்டு மருந்து இந்நோயைக் குணமாக்குகிறது. 6 அல்லது 12 மாதங்கள் ஒழுங்காகக் குடித்தால் போதும், மருந்து இலவசம். வெட்கப்பட்டு ஒளித்தால் கை கால் நரம்புகள்தான் பழுதடையும்.

மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியாசிஸ் இன்னொன்று. நோவில்லாத சிறு கட்டியாகத் தொடங்கி, பொருக்குக் கட்டிய புண்ணாகும். எமது நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளர் 1992இல் தென்னிலங்கையில் அறியப்பட்டார். பின்னர் வன்னியிலும் இந்நோய் காணப்பட்டது. காட்டோரங்களில் குடியிருந்த குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். இதை உறுதிசெய்யப் புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்தச் சிறு சுரண்டலுக்குப் பயப்படத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

மாதம் ஒருமுறை பிள்ளைகளைக் கொண்டு முதுகையும் உள்ளங்காலையும் பார்க்கச் செய்யுங்கள். ஐயத்துக்குரிய புள்ளியை, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் அது பெருத்திருந்தால் படமே சாட்சி. வைத்தியரிடமும் அதைக் காட்டலாம். சுண்ணாம்பு வைத்து மருவையோ மச்சத்தையோ சுடவேண்டாம். வைத்தியர் பார்க்கவேண்டிய அடையாளம் அழிந்துவிடும்.

பெருக்கும் புள்ளி, ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், உணர்ச்சியற்ற தேமல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் முதலில் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவையானால் தோல்நோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். அதற்காக இழக்கும் ஒருநாள் கூலியைப் பிறகு உழைத்துக்கொள்ளலாம். பிந்திப்போனால் இழக்க நேர்வது கமக்காரனுக்கு முதலான கையும் காலுமாக இருக்கலாம்.