பணியிடமும் மனநலமும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மனநலச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைச் சந்திக்கும்போது, மருந்தைப் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாக வேலையைப் பற்றிய கேள்வி தவறாமல் எழுகிறது. மீண்டும் வேலைக்குச் செல்லலாமா? இரவுப் பணி பார்க்கலாமா? முதலாளியிடம் நோயைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் வேலை நிலைக்குமா? இலுப்பூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்வோருள் பலர் விராலிமலைத் தொழிற்சாலைகளிலும் கடைவீதிகளிலும் கட்டட வேலைகளிலும் பாடுபடுகின்றனர். சிலர் திருப்பூருக்கும் வெளிநாடுகளுக்கும் சென்று பொருளீட்டுகின்றனர். ஒருவருடைய ஊதியத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கும் வீடுகளில் இக்கேள்விகள் உணவையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றிய கேள்விகளே ஆகும். ஆகவே இவ்விதழில் அவற்றை விளக்க முற்படுகிறோம்.

வேலையால் வரும் நன்மையும் தீமையும்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உழைக்கும் வயதினருள் 15 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்தனர். மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகெங்கும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாள்கள் இழக்கப்படுகின்றன. அளவுக்கு மீறிய பணிச்சுமை, ஓய்வற்ற நேரம், அவமதிப்பு, நிலையற்ற வேலை ஆகியவை நோயைத் தூண்டவும் முற்றச் செய்யவும் கூடும்.

அதே வேளையில், ஏற்ற வேலை நலம் பெறுவதற்குத் துணை செய்கிறது. குறித்த நேரத்தில் எழுவது, பிறருடன் பழகுவது, தன் கையால் ஈட்டுவது ஆகியவை தன்மதிப்பை மீட்டுத் தருகின்றன. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சை இடம்பெற்றிருப்பதும், நோயாளிகள் அங்கு ரொட்டி தயாரிக்கக் கற்றுக்கொண்டதும் இக்காரணத்தால்தான். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் அமைப்பும் மருந்துச் சிகிச்சையோடு தொழிற்பயிற்சியையும் மறுவாழ்வையும் இணைத்தே செயல்பட்டு வருகிறது. எனவே, மனநோய் வந்தவர் இனி வேலைக்கே ஆக மாட்டார் என்று குடும்பத்தினர் முடிவு கட்டிவிடுதல் கூடாது.

முன்னரே தெரியும் அறிகுறிகள்

நோய் பெரும்பாலும் ஒரே நாளில் முற்றுவதில்லை. வழக்கமாக நேரத்துக்குச் செல்பவர் அடிக்கடி விடுப்பு எடுப்பது, எளிய வேலையிலும் தவறுகள் நேர்வது, உடன் பணிபுரிவோரிடம் காரணமின்றி எரிந்து விழுவது, வீடு திரும்பியதும் யாருடனும் பேசாது ஒதுங்குவது, உறக்கமும் பசியும் குறைவது, மதுவை நாடுவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும். மனத்துயர் உடல்வழியாக வெளிப்படுவதும் உண்டு. தீராத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், உடல் அசதி எனப் பல மருத்துவர்களைப் பார்த்த பின்னரே சிலர் மனநல மருத்துவரிடம் வருகின்றனர். 'வாழ்ந்து என்ன பயன்' என்னும் பொருள்படப் பேசினால் இரண்டு வாரம் காத்திருத்தல் கூடாது. அன்றே அழைத்து வர வேண்டும்.

மருந்தும் வேலை நேரமும்

வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் மருந்தைக் கைவிடுவதே நோய் திரும்புவதற்கு வழிவகுக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன்தரத் தொடங்கவே 2 முதல் 4 வாரங்கள் ஆகும். குணமான பின்னரும் குறைந்தது 6 மாதங்களாவது அவற்றைத் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதாயினும் மருத்துவரின் அறிவுரைப்படி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

சில மருந்துகள் உறக்கக் கலக்கத்தைத் தரும். அத்தகைய மருந்தைப் புதிதாகத் தொடங்கும்போதும் அளவை உயர்த்தும்போதும் வண்டி ஓட்டுதல், உயரத்தில் ஏறுதல், சுழலும் இயந்திரத்தில் பணிபுரிதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஷிப்டு முறையில் பணிபுரிவோர் தங்கள் பணி நேரத்தை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். மருந்து உட்கொள்ளும் வேளையை அதற்கேற்ப மாற்றியமைக்க இயலும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு உறக்கக் குறைவே நோயைத் தூண்டக்கூடும் என்பதால், இயன்றவரை இரவுப் பணியைத் தவிர்ப்பது நல்லது.

லித்தியம் உட்கொள்வோர் நம் ஊர் வெயிலில் கூடுதல் கவனத்துடன் இருத்தல் வேண்டும். மிகுதியாக வியர்த்து உடலில் நீர் குறையும்போது, இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கைநடுக்கம், தள்ளாட்டம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். உடல்வலிக்குக் கடையில் தாமே வாங்கி உண்ணும் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும் என்பதை நினைவில் கொள்க.

முதலாளியிடம் சொல்ல வேண்டுமா?

இது நோயாளி தாமே எடுக்க வேண்டிய முடிவு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் மருத்துவ விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையை அவருக்கு வழங்குகிறது. எனவே, நோயாளியின் இசைவின்றிக் குடும்பத்தினர் பணியிடத்தில் நோயைப் பற்றிப் பேசுவது முறையன்று. சொல்வதால் வேலை நேரத்தில் மாற்றமோ, மருத்துவரைக் காண்பதற்கான விடுப்போ கிடைக்குமெனில், நம்பத் தகுந்த ஒரு மேலாளரிடம் மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்லலாம். நோயின் பெயரை விரித்துரைப்பதைவிட, 'இரண்டு மாதங்களுக்குப் பகல் ஷிப்டு வேண்டும்; மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்' என்று தேவையைத் தெளிவாகக் கூறுவதே பயன் தரும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்கிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவருக்கு இக்குறைபாடு நேர்ந்தால், அதைக் காட்டி அவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது. அப்பணிக்கு அவர் ஏற்றவராக இல்லாவிடில், அதே ஊதியத்துடன் வேறு பணிக்கு மாற்ற வேண்டும்.

இதற்கு ஒரு முக்கியமான தீர்ப்பு சான்றாக உள்ளது. மன உந்தல் நோய்க்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை பெற்றுவந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீது துறைவழி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவ்வழக்கில் 2021 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மனநலக் குறைபாடு உடையவர் மீது அத்தகைய நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாட்டின் ஒரு கூறாகும் என்று கூறியது. நோயே அவருடைய நடத்தைக்கு முழுமுதற் காரணம் என மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றும், மாற்றுப் பணி தரும்போது ஊதியத்தைக் காக்க வேண்டும் என்றும் அது விளக்கியது.

அரசுப் பணியில் உள்ள இந்தப் பாதுகாப்பு, சிறு கடைகளிலும் நாள்கூலி வேலைகளிலும் உள்ளோர்க்கு அதே அளவில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆயினும் இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளர்கள் தமக்குரியதை அறிந்திருத்தல் நன்று. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இக்காப்பீட்டில் சேர்கின்றனர். உரிய சந்தா செலுத்தியவர்களுக்கு, மருத்துவர் சான்றளித்த நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். நெடுங்கால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட உதவித்தொகைப் பட்டியலில் மனச்சிதைவு உள்ளிட்ட கடும் மனநோய்களும் அடங்கும். அதன்கீழ் 2 ஆண்டுகள் வரை 80 விழுக்காடு பெறலாம். ஆகவே, வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுக்கும் முன் இதைக் கேட்டறிய வேண்டும். நோய் கடுமையாக இருக்கும் நாள்களில் அத்தகைய முடிவு எதையும் எடுக்காமல் இருப்பதே சிறந்தது.

பணியிடம் செய்யக்கூடியவை

பணியாளர் நலம் காக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. நாள் முழுதும் நின்றபடியே பணிபுரிந்த கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டுமெனத் தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டில் காவலர்களுக்கு வார விடுமுறை அறிவிக்கப்பட்டது. அமர ஓர் இருக்கை, ஓய்வெடுக்க ஒரு நாள் ஆகியவையும் மனநலப் பாதுகாப்பே. நோயிலிருந்து மீண்டு வருபவருக்குத் தொடக்கத்தில் குறைந்த நேரப் பணி, தெளிவான கட்டளைகள், கேலி பேசாத சூழல் ஆகியவற்றை அளித்தால், அவர் விரைவில் பழைய திறனைப் பெறுவார். பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளாகும் பெண்கள், 10 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடமாயினும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம்.

பராமரிப்போருக்கு

வேலையையும் நோயாளியையும் ஒருங்கே கவனிக்கும் தாய், மனைவி, கணவர், உடன்பிறந்தோர் ஆகியோரும் சோர்வுக்கு ஆளாகின்றனர். பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரே சுமக்காமல், மருந்து கொடுப்பவர் ஒருவர், மருத்துவமனைக்கு அழைத்து வருபவர் மற்றொருவர் எனப் பகிர்ந்துகொள்ளுங்கள். நலம்பெற்று வருபவரிடம் 'எப்போது வேலைக்குப் போவாய்' என்று நாள்தோறும் கேட்பதைத் தவிருங்கள். முதலில் வீட்டில் சிறு பொறுப்புகள், பின்னர் அரைநாள் வேலை, அதன் பின்னர் முழுநாள் என்று படிப்படியாகச் செல்வதே நிலைக்கும். உங்கள் உறக்கம் கெட்டு மனம் தளர்ந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்திப்பு நோயாளிக்கு உரியது என எண்ணித் தயங்க வேண்டாம்.

உடனடி உதவிக்கு 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை நாளின் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 104 என்னும் தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்ணும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறலாம்; மேல்சிகிச்சை தேவைப்படுவோர் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, உங்கள் பணி நேரம், வேலையின் தன்மை, பணியிடத்தில் உள்ள இடர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். உங்கள் வேலைக்குப் பொருந்தும் வகையில் சிகிச்சையை அமைக்க அத்தாள் பெரிதும் உதவும்.