கெர்னல் அப்டேட் ஆனதும் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்!

லினக்ஸ் கம்ப்யூட்டரில் அப்டேட் போடுகிறீர்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது. செய்கிறீர்கள். வழக்கமான லாகின் திரை வரவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் "கெர்னல் பேனிக் - நாட் சிங்கிங்" என்று ஒரு வரியில் நின்றுவிடுகிறது. அதிலேயே "அன்நோன் பிளாக் 0,0" என்றும் இருக்கும். எந்தக் கீயை அழுத்தினாலும் அசைவு இல்லை.

இதைப் பார்த்ததும் பலர் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் ஃபைல்களுக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகியிருக்காது. அவை இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றை எட்டும் வழி மட்டும் அறுந்திருக்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் விழித்துக்கொண்டு கிரப் என்ற பூட் லோடரை அழைக்கிறது. கிரப், பூட் ஃபோல்டரிலிருந்து இரண்டு ஃபைல்களை மெமரியில் ஏற்றுகிறது. ஒன்று கெர்னல். மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ், சுருக்கமாக இனிட்ஆர்டி. இந்த இரண்டாவது ஃபைல் எதற்கு? உங்கள் டிஸ்க்கைப் படிக்க கெர்னலுக்கு டிரைவர்கள் தேவை. அந்த டிரைவர்களில் சில, அதே டிஸ்க்குக்குள்தான் இருக்கின்றன! பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவி மாட்டிக்கொண்ட கதை. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த இன்னொரு சாவிதான் இனிட்ஆர்டி. அது இல்லாமல் போனாலோ, பாதி எழுதப்பட்டு நின்றிருந்தாலோ, கெர்னல் வாசலிலேயே நின்றுவிடும். "அன்நோன் பிளாக் 0,0" என்றால் டிஸ்க்கே என் கண்ணில் படவில்லை என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். உபுண்டு 22.04, லிப்ரே ஆபீஸ், இவ்வளவுதான் அவருடைய உலகம். 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி மாலை எனக்குப் போன் செய்தார். 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் பேனிக்கில் நிற்கிறது. தி.நகரில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம்னு சொல்றாங்க சார். ரெண்டு மாசக் கணக்கு அதுக்குள்ளதான் இருக்கு. பேக்கப் எதுவும் இல்லை."

எதையும் செய்ய விடாமல் வீட்டுக்கு எடுத்துவரச் சொன்னேன். அடையாறிலிருந்து மயிலாப்பூர் என்ன தூரம்? இரவு எட்டு மணிக்கு அங்கே இருந்தேன்.

உபுண்டு புது கெர்னலைப் போடும்போது பழையதை உடனே அழித்துவிடாது. முந்தைய ஒன்றையாவது வைத்திருக்கும். எனவே முதல் வேலை, பழைய கெர்னலில் பூட் செய்வது. பழைய பயாஸ் மெஷின் என்றால் ஆன் செய்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்திருங்கள். புதிய யூஇஎஃப்ஐ மெஷின் என்றால், தயாரிப்பாளரின் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரே ஒரு முறை தட்டுங்கள். படபடவென்று பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப் கட்டளைத் திரைக்குப் போய்விடும். மெனுவில் இரண்டாவதாக "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் உபுண்டு" இருக்கும். அதற்குள் போனால் கெர்னல்கள் வரிசையாகத் தெரியும். மேலே இருப்பது புதியது. அதை விட்டுவிட்டு அடுத்த எண்ணைத் தேர்வு செய்யுங்கள். ரெகவரி மோடு என்று எழுதியிருப்பது இப்போது வேண்டாம்.

நண்பரின் கம்ப்யூட்டரில் மேலே 6.8, அதற்குக் கீழே இரண்டு 6.5-கள், ஒரு 6.2. முதல் 6.5-ஐத் தேர்வு செய்தேன். ஒரு நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. கணக்கு ஃபைல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. முதலில் அவற்றை ஒரு பென் டிரைவில் காப்பி செய்தோம். ரிப்பேரை அதன் பிறகுதான் தொடங்கினேன். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இனி டெர்மினலைத் திறக்க வேண்டும். இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் டைப் செய்யுங்கள். முதலில் "யூநேம் -ஆர்". இப்போது எந்தக் கெர்னலில் இருக்கிறீர்கள் என்று அது காட்டும். அந்த எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது. அடுத்து "டிஎஃப் -ஹெச்". டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு இடம் மீதி என்று தெரியும்.

குற்றவாளி அங்கேதான் மாட்டினான். உபுண்டுவை நிறுவிக் கொடுத்தவர் பூட் ஃபோல்டருக்கு 500 எம்பியில் தனிப் பார்ட்டிஷன் போட்டிருந்தார். 100 சதவீதமும் நிறைந்திருந்தது. ஒரு கெர்னல் ஃபைல் 10 முதல் 15 எம்பிதான். ஆனால் அதனுடைய இனிட்ஆர்டி 70 எம்பியிலிருந்து 150 எம்பி வரை போகும். மூன்று கெர்னல்கள் உட்கார்ந்த இடத்தில் நான்காவதற்கு இடமில்லை. கெர்னல் ஃபைல் சின்னது என்பதால் நுழைந்துவிட்டது. இனிட்ஆர்டி நுழையவில்லை. அப்டேட் நடந்தபோது டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு எச்சரிக்கை ஓடியிருக்கும். அதை யார் படிக்கிறார்கள்! ஹார்ட் டிஸ்க்கில் 300 ஜிபி காலியாக இருந்து என்ன பயன்? இந்தச் சின்ன அறை நிறைந்தால் கதை முடிந்தது.

வழக்கமான மருந்து "சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்". தேவையில்லாத பழைய கெர்னல்களை அதுவே நீக்கும். ஆனால் இங்கே முந்தைய அப்டேட் பாதியில் நிற்பதால் அது முரண்டு பிடித்தது. அதனால் மிகப் பழைய 6.2-இன் இனிட்ஆர்டி ஃபைலை மட்டும் "சூடோ எம்வி" கட்டளையால் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அழிக்கவில்லை, நகர்த்தினேன். கொஞ்சம் இடம் கிடைத்ததும் "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" கொடுத்தேன். பாதியில் நின்ற வேலைகளை அது தொடர்ந்து முடிக்கும். 6.8-க்கான இனிட்ஆர்டி உருவானது திரையிலேயே தெரிந்தது. அப்படித் தானாக உருவாகாவிட்டால், "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே" என்று எழுதி, பக்கத்தில் புதுக் கெர்னலின் முழு எண்ணைக் கொடுங்கள். பிறகு "சூடோ அப்டேட்-கிரப்". இப்போது ஆட்டோரிமூவ் கொடுத்ததும் பழையவை ஒழுங்காக வெளியேறின. ரீஸ்டார்ட் செய்தோம். 6.8-லேயே பூட் ஆனது. மொத்தம் நாற்பது நிமிடம். மறுநாள் காலை அவர் கணக்கைத் தொடர்ந்தார்.

அப்டேட் நடுவில் கரண்ட் போனாலும் இதே பேனிக் வரலாம். மருந்தும் அதேதான். யூபிஎஸ் இல்லாத வீட்டில், மழைக்கால இரவில் கெர்னல் அப்டேட் போட வேண்டிய அவசியம் என்ன?

பேனிக் இல்லாமல் வெறும் கருப்புத் திரை, கர்சர் மட்டும் மினுக்குகிறதா? என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டிரைவரை ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அது தவறினால் படம் வராது. கிரப் மெனுவில் இ கீயை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" சேர்த்து, கண்ட்ரோலுடன் எக்ஸ் அழுத்துங்கள். ஒரு தடவைக்கு மட்டும் இது செல்லும். உள்ளே போய் டிரைவரை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

கெர்னல் மீது பழி போடக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. விண்டோசையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருந்த பலருக்கு 2024 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்டின் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் பூட் ஆகவில்லை. திரையில் வந்தது "எஸ்பிஏடி" என்ற சொல் உள்ள செய்தி. கிரப் வருவதற்கு முன்பே, செக்யூர் பூட் சோதனையிலேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அங்கே கெர்னலை மாற்றிப் பயனில்லை. பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து உள்ளே போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அதற்கு முந்தைய மாதம், ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான ஃபைலை விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்கும் அதன் டிரைவர் படித்ததால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்ன தெரியுமா? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை நீக்குவது.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் லினக்ஸும் தரப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் தயாரித்த அந்த பாஸ், டெபியனிலிருந்து பிறந்தது. உபுண்டுவும் அப்படியே. எனவே மேலே சொன்ன கட்டளைகள் இரண்டுக்கும் பொதுவானவை. கிரப் மெனுவில் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

பழைய கெர்னல் ஒன்றுகூட மெனுவில் இல்லை என்றால்? வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு லைவ் பென் டிரைவ் தயாரியுங்கள். 8 ஜிபி போதும். அதிலிருந்து பூட் செய்து "டிரை உபுண்டு" என்பதைத் தேர்வு செய்யுங்கள். "இன்ஸ்டால்" பக்கம் கை போக வேண்டாம். ஃபைல் மேனேஜரில் உங்கள் ஹார்ட் டிஸ்க் தெரியும். ஹோம் ஃபோல்டரைத் திறந்து, வேண்டியதை இன்னொரு டிரைவுக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். நிறுவும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். அது கைவசம் இருக்கட்டும்.