உறைபனியில் விழிக்கும் பூக்கள்

பிப்ரவரியில் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பெரும்பாலான ஓக் மரங்களில் ஓர் இலைகூட இருக்காது. விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். அந்தக் குளிரில், ஒரு சாண்கூட இல்லாத உயரத்தில் தலை கவிழ்ந்து நிற்கின்றன வெள்ளை வெளேர் என்ற ஸ்னோடிராப் பூக்கள். 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் கலாந்தஸ் நிவாலிஸ். கலாந்தஸ் என்றால் பால் பூ.

வெயில் வரும்வரை காத்திருந்தால் என்ன? காத்திருந்தால் வெயிலே கிடைக்காது! ஏப்ரல், மே மாதங்களில் மரங்கள் துளிர்த்துவிட்டால் தரை இருண்டுவிடும். அதற்குள் பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டுக்கான உணவை மண்ணுக்குள் இருக்கும் வெங்காயம் போன்ற கிழங்கில் சேர்த்து முடித்தாக வேண்டும். இன்று நாம் பார்க்கும் மொட்டு, போன கோடையிலேயே அந்தக் கிழங்குக்குள் உருவானது. ஆனால் பல வாரக் குளிர் பட்டால்தான் தண்டு நீளும். குளிரைத் தாங்கும் செடி என்று மட்டும் இதைச் சொல்வது போதாது. குளிர் இல்லாமல் இதனால் பூக்கவே முடியாது.

குனிந்து பார்த்தால், இலையின் நுனி மட்டும் தடித்துக் கெட்டியாக இருக்கும். உறைந்த மண்ணைத் துளைத்து வெளியே வர அதுதான் உளி. கடும் உறைபனி இரவில் செடி துவண்டு தரையில் சாய்ந்துவிடும். செத்துவிட்டது என்றே தோன்றும். வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடும்.

ஸ்னோடிராப் பேரினத்தின் கிழங்கிலிருந்து 1950-களில் பிரிக்கப்பட்ட கேலன்டமின், இன்று அல்சைமர் நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்து. ஆனால் காட்டு ஸ்னோடிராப்புகளைத் தோண்டி விற்பது நின்றபாடில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இந்தப் பேரினம் இருப்பது அவசியமான பாதுகாப்பு.

ஸ்னோடிராப்புடன் கூடவே பூப்பது குரோக்கஸ். நமக்குத் தெரிந்த குங்குமப்பூவுக்குப் பங்காளி. காஷ்மீரில் அது இலையுதிர்காலத்தில் பூக்கும், இது வசந்தத்தை முந்திக்கொண்டு. குரோக்கஸுக்குத் தண்டு போலத் தெரிவது தண்டே அல்ல, பூவின் நீண்ட குழாய். சூலகம் மண்ணுக்கு அடியில், பனி தீண்டாத இடத்தில் பத்திரமாக இருக்கிறது. விதை முற்றிய பிறகுதான் காய் மேலே வரும்.

வெப்பம் ஓரிரு டிகிரி ஏறினாலே குரோக்கஸ் இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக வளரும், பூ விரியும். குளிர்ந்தால் வெளிப்புறம் முந்தும்; பூ மூடி, மகரந்தம் நனையாமல் காக்கும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இதழ் சற்று நீண்டுவிடுகிறது.

அப்படி விரிந்திருக்கும் நண்பகலில்தான், குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியே உறங்கிய பம்பிள் தேனீ ராணி பசியோடு வந்து இறங்குகிறது. கூடு கிடையாது, வேலைக்காரத் தேனீ ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் அது இனிமேல்தான் உருவாக்க வேண்டும். இப்போதைக்கு அதற்குக் கிடைத்திருப்பது இந்தப் பூவும், தன் உடல் ரோமமெல்லாம் அப்பிக்கொள்ளும் மஞ்சள் மகரந்தமும்தான்.