ஆலைச் சங்கு யாருக்காக?

காலையில் ஆலைச் சங்கு ஊதினால் தொழிலாளி வேலைக்குச் செல்கிறான். மாலையில் ஊதினால் வீடு திரும்புகிறான். அதற்கு இன்னொரு கடமையும் உண்டு. உள்ளே அடைபட்டுக் கிடக்கும் விஷவாயு வெளிப்பட்டால், சுவருக்கு அப்பால் உறங்கும் ஜனங்களை எழுப்ப வேண்டியதும் அச்சங்கே. அவ்வேளையில் அது ஊதியதா என்பதே நமது கேள்வி.

1984-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி இரவு, போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் 610-ம் நம்பர் தொட்டியில் தண்ணீர் புகுந்தது. தொட்டியில் இருந்ததோ மெதில் ஐஸோசயனேட் என்னும் கொடிய திரவம், சுமார் 40 டன். அது கொதித்தெழுந்து ஆவியாகி நள்ளிரவுக்குப் பின் ஊரின் மேல் கவிந்தது. குளிரூட்டும் யந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. தண்ணீரைப் பீச்சினார்கள்; அது வாயு வெளிப்பட்ட உயரத்தை எட்டவில்லை.

ஊருக்கான சங்கு சற்றே ஊதி நிறுத்தப்பட்டது. ஜனங்களிடையே பீதி பரவலாகாதாம்! உள்ளே இருந்த தொழிலாளிகள் காற்றின் திசையறிந்து, அது வரும் பக்கமாக ஓடிப் பெரும்பாலும் தப்பினர். வெளியே இருந்த குடிசைவாசிகள் கண் எரிய, நெஞ்சு அடைக்க, காற்று போகும் பக்கமாகவே ஓடினர். ஓட ஓட மூச்சு வாங்கிற்று. மூச்சு வாங்க வாங்க விஷம் உள்ளே இறங்கிற்று. “நனைந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு காற்றின் பாதையை விட்டு விலகுங்கள்” என்று ஒரு குரல் கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்! ஆஸ்பத்திரி வைத்தியர்களுக்குக்கூட அது இன்ன வாயு, அதற்கு இன்ன சிகிச்சை என்பது தெரிவிக்கப்படவில்லை. உடனடியாக மாண்டவர்கள் 2,259 பேர் என்றது சர்க்கார் கணக்கு. பிந்திய கணக்குகள் அதை வெகுவாக மிஞ்சின.

அன்றிரவு ரயில் நிலையத்தில் கடமையில் இருந்த குலாம் தஸ்தகீர் என்ற அதிகாரி, பிரயாணிகள் நிறைந்து நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸை, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், குறித்த நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார். அவருக்கும் எவரும் எதுவும் சொல்லவில்லை.

சட்டம் பிறகு வந்தது. 1989-ல் ஏற்பட்ட அபாய ரசாயன விதிகள், ஆலையில் உள்ள ஆபத்து இன்னது, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியது இன்னது என்று சுற்றுப்புற ஜனங்களுக்கு அறிவிக்கும்படி ஆலைக்காரருக்குக் கட்டளையிட்டன. ஆலைக்கு வெளியே நடத்த வேண்டிய ஒத்திகையும் வருஷத்துக்கு ஒன்று என்று விதிக்கப்பட்டது.

பலன் என்ன? 2020-ம் வருஷம் மே 7-ந் தேதி, பொழுது விடியுமுன், விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியில் ஸ்டைரீன் சூடேறி ஆவியாகி வெங்கடாபுரம் கிராமத்தில் புகுந்தது. பன்னிருவர் இறந்தனர். சங்கை ஒலிக்கச் செய்யும் பொத்தான் ஆலையில் 36 இடங்களில் இருந்தது. ஒன்றையும் ஒருவரும் அழுத்தவில்லை. விசாரித்த கமிட்டியே இதை எழுதிவைத்திருக்கிறது. ஊமைச் சங்குகள்!

நம் எண்ணூரையும் பாருங்கள். 2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மீனவக் குடும்பங்கள் நெடி தாளாமல் விழித்தெழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அமோனியாவோ தண்ணீரில் எளிதில் கரைவது. முகத்தில் ஈரத்துணியும், கண்ணைக் கழுவ நிறையத் தண்ணீரும் முதலுதவியில் பெரும்பங்கு. கடலோரத்து ஜனங்களுக்கு இதைச் சொல்லிவைப்பது அவ்வளவு கஷ்டமா?

ஜனங்களுக்குச் சொன்னால் விளங்காது என்பது வீண் பேச்சு. சமையல் வாயு கசிந்தால் விளக்குப் பொத்தானைத் தொடாதே, ஜன்னலைத் திற என்பது இன்று எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். அவ்வாயுவுக்கு இயற்கையில் வாசனை ஏறக்குறைய இல்லை. கசிவு தெரியட்டும் என்றே நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றமே வீட்டுக்குள் ஊதும் சங்கு. விற்பவன் கற்றுக்கொடுத்தான், ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே தொண்டர்கள் தத்தம் ஜில்லா கலெக்டர் கச்சேரிக்குச் சென்று மூன்று விவரங்கள் கேட்கட்டும்: நமது ஊர் ஆலையில் இருக்கும் வாயு எது? சென்ற ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது? அதில் சுவருக்கு வெளியே வசிப்பவர் எத்தனை பேர் கலந்துகொண்டனர்? கிடைக்கும் பதிலைக் குப்பத்துச் சாவடியில் எழுதி ஒட்டட்டும். பதில் கிடைக்காவிட்டால் அதையும் ஒட்டட்டும்.