காயம் ஆற்றும் வல்லாரை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் ஊடே இறங்கும் ஓடைக்கரைகளில், ஈரம் காயாத மண்ணில் வல்லாரை படர்ந்து கிடக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சி, சில்வர் ஓக் மரங்களின் நிழல், இரண்டு பருவமழை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தச் செடிக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

கொடி என்றாலும் இது எதன்மீதும் ஏறாது. சிவப்போடிய மெல்லிய தண்டு மண்ணை ஒட்டியே ஊரும். கணுவுக்குக் கணு வேர்விட்டு, அங்கிருந்தே நீண்ட காம்புடன் இலைகளை நிமிர்த்தும். நிழலில் இலை அகலும், வெயிலில் சிறுக்கும். பூக்கள் இலைக்கடியில் மறைந்திருப்பதால் குனிந்து விலக்கித்தான் பார்க்கவேண்டும். கொத்தமல்லியும் சீரகமும் இதன் குடும்பத்தவை.

நம் வீடுகளில் வல்லாரை என்றால் ஞாபக சக்திதான். தேர்வு நெருங்கினால் துவையல் அரைபடும். ஆனால் மனிதர்களிடம் நடந்த 11 ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, நினைவாற்றல் கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஏமாற்றமில்லை. இந்தச் செடியின் உண்மையான பலம் தோலில் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

ஆறாத புண்ணுக்கும் தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் வைத்தியர்கள் வல்லாரையைக் கொடுத்து வந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் 1868-இல் வந்த இந்திய மருந்து நூலும் இதைச் சேர்த்துக்கொண்டது. 1941-இல் இலையிலிருந்து ஆசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதையடுத்து மடகாஸ்கரில் தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். தோலின் அடியிலுள்ள நார்செல்களைக் கொலாஜன் என்னும் புரதத்தைக் கூடுதலாக உருவாக்கத் தூண்டுவதே வல்லாரைச் சேர்மங்களின் வேலை. காயத்தின் இடைவெளியை நிரப்பி மூடுவது அந்தக் கொலாஜன்தான். இன்று 'சிக்கா' என்ற பெயரில் விற்கும் முகக் கிரீம்கள் பலவற்றில் இருப்பதும் வல்லாரைச் சாறே.

சமையலுக்குத் துவையல், கூட்டு, யாழ்ப்பாணத்தார் செய்யும் தேங்காய்ப்பூச் சம்பல் எல்லாம் நல்லவை. மாத்திரையாக அதிக அளவில் நெடுநாள் விழுங்குவது வேறு. அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் மருந்தாக எடுக்கக்கூடாது. பறிக்கும் இடமும் முக்கியம். சாக்கடை ஓரத்திலும் இது செழிக்கும், அங்குள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். வேரோடு கூடிய ஒரு கணுவை வீட்டுத் தொட்டியில், நிழலில் ஊன்றி, மண் உலராமல் பார்த்துக்கொண்டால் அடுத்த துவையலுக்குத் தேவையான இலை வாசலிலேயே கிடைக்கும்.