‘மை ஃபன்னி வேலன்டைன்’: காதலனைக் கலாய்க்கும் பாட்டு ரொமான்டிக் ஆனது எப்படி?

பிப்ரவரி 14 நெருங்கினால் போதும், ஜாஸ் பிளேலிஸ்ட்களில் ‘மை ஃபன்னி வேலன்டைன்’ எட்டிப்பார்த்துவிடும். கேண்டில் லைட் டின்னருக்கு ஏற்ற மெட்டுதான். ஆனால் வரிகளைக் கவனித்துக் கேட்டால் கொஞ்சம் ஷாக் ஆகும். முகம், உடல்வாகு, பேச்சு என எதையும் விட்டுவைக்காமல் காதலனைக் கலாய்த்துத் தள்ளுகிறாள் ஒருத்தி. அப்புறம் அவளே, இவன் எனக்காக மாறிவிடக் கூடாதே என்று பதறுகிறாள்.

யார் அந்த வேலன்டைன்?

காதலர் தினத்துக்காக எழுதப்பட்ட பாட்டே இல்லை இது. 1937 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ இசை நாடகத்தில் வருகிறது. அதில் கதாநாயகன் பெயர்தான் வேலன்டைன், சுருக்கமாக வால். அவனைப் பார்த்துப் பாடிய நடிகை மிட்ஸி கிரீனுக்கு அப்போது 16 வயது. காதலர் தினம் கடைசியில் ஒரு சிலேடையாக எட்டிப்பார்ப்பதோடு சரி.

இசை ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ், வரிகள் லோரன்ஸ் ஹார்ட். ஹார்ட் ஐந்து அடிகூட உயரமில்லாதவர். தன் தோற்றத்தைப் பற்றி அவருக்கு எப்போதும் தாழ்வு மனப்பான்மை. தன்பாலின ஈர்ப்பாளர், அதை வெளியே சொல்ல முடியாத காலம். குடி அவரை விழுங்கியது. 1943 நவம்பரில் நிமோனியாவால் இறந்தபோது வயது 48. தன்னைப் பற்றித்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதெல்லாம் தெரிந்த பிறகு, அந்தக் கேலியை வெறும் கேலியாகக் கேட்க மனசு வராது.

ரோட்ஜர்ஸின் மெட்டும் இதற்குத் துணை போகிறது. சோகச் சாயல் கொண்ட மைனர் ஸ்கேலில் தொடங்கி, கடைசியில் வெளிச்சமான மேஜரில் போய் முடியும்.

ஒரு பாட்டு, மூன்று குரல்கள்

ஃபிராங்க் சினாட்ராவின் 1954 ஆல்பம் ‘சாங்ஸ் ஃபார் யங் லவர்ஸ்’ இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. ஒரு ஆண், பெண்ணின் தோற்றத்தைக் கிண்டலடித்தால் நன்றாகவா இருக்கும்? சினாட்ரா அதை அவ்வளவு மென்மையாகப் பாடுவதால் கேலியே கரைந்துவிடுகிறது. ரொமான்டிக் பாட்டு என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1956-ல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பலரும் விட்டுவிடும் முன்னுரைப் பகுதியையும் சேர்த்துப் பாடினார். அந்தப் பகுதி பழங்கால ஆங்கிலத்தில் இருக்கும். நம்மாட்கள் செந்தமிழில் பேசி ஃபிரெண்டை ஓட்டுவோமே, அதே டெக்னிக்! இதைக் கேட்ட பிறகு பாட்டின் கிண்டல் சட்டெனப் புரியும்.

என் ஓட்டு செட் பேக்கருக்கு. அடிப்படையில் டிரம்பெட் கலைஞர். 1954-ல் இதைப் பாடியபோது அவருக்கு 24 வயது. அலங்காரமே இல்லாத, உடைந்துவிடுமோ எனத் தோன்றும் மெல்லிய குரல். குறையுள்ள ஒருவரைப் பற்றிய பாட்டுக்கு, ‘பர்ஃபெக்ட்’ குரலைவிட இது பொருந்துகிறது. 1999-ல் வந்த ‘தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ படத்தில் மாட் டேமன் இதைப் பாடுவதும் பேக்கர் பாணியில்தான். மாறாதே என்று கேட்கும் பாட்டை, அடுத்தவனாகவே மாறத் துடிக்கும் ஒருவன் வாயில் கொடுத்தது செம ஐடியா.

பேக்கரைப் போதைப் பழக்கம் வாட்டியது. 1966-ல் நடந்த தாக்குதலில் பற்கள் சேதமடைந்தன. டிரம்பெட் வாசிப்பவருக்குப் பல் போனால் பிழைப்பே போன மாதிரி. செயற்கைப் பல் கட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கப் பழகினார். 1988 ஏப்ரல் இறுதியில் ஜெர்மனியின் ஹனோவரில் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு நடந்த கச்சேரியிலும் இந்தப் பாட்டு இருந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் ஆம்ஸ்டர்டாமில் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு 1954 பதிவை முதலில் கேளுங்க, இரண்டரை நிமிடம்கூட ஆகாது. அதோடு நிறுத்தாமல் 1988-ஐயும் போடுங்க.