சாடியில் பட்டினி கிடக்கும் பாம்புக்குட்டி

படப்பை ஏரிக்கரையில் பிடித்த தண்ணீர்ப்பாம்புக் குட்டியைக் கண்ணாடிச் சாடியில் விட்டுப் பால் வைக்கிறீர்கள். குடிக்கவில்லை. ஏன்?

பால் அதன் உணவன்று. தலைப்பிரட்டை, தவளை, மீன் ஆகியவையே அதன் இரை. இரையை அது மணத்தாலும் அறிகிறது. பிளந்த நாக்கு திரட்டும் மணத்துகள்கள் மேலண்ணத்திலுள்ள யாக்கப்சன் உறுப்பைச் சேர்கின்றன. 1960களில் அமெரிக்க விஞ்ஞானி கார்டன் பர்கார்ட், அதுவரை எதையும் தின்றிராத கார்ட்டர் பாம்புக் குட்டிகளிடம் மண்புழுச் சாறு தோய்த்த பஞ்சை நீட்டினார். அவை பாய்ந்து கவ்வின! அந்த அறிவு பிறவியிலேயே வந்தது.

அப்படியானால் தலைப்பிரட்டையை விட்டால் போதுமா? போதாது. ஒளிய இடமின்றி அஞ்சிய குட்டி, இரை எதிரே இருந்தும் பட்டினி கிடக்கும். மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் குற்றமே. ஆகவே, பிடித்த கரையிலேயே இன்றே விட்டுவிடுங்கள். அதன் உணவு அங்கேதான் இருக்கிறது.